மைதானம் எங்கே, ஓட்டல் எங்கே?

[திரையில்: டல்லாஸ் வரைபடம், நடுவில் ஒரு பச்சைக் கோடு]

2009 செப்டம்பர். டல்லாஸின் நகர ரயிலான டார்ட், பச்சைக் கோடு என்ற தடத்தில் முதன்முறையாக ஃபேர் பார்க் வாசலுக்கு வந்து நின்றது. அந்தப் பூங்காவுக்குள்தான் காட்டன் பவுல் மைதானம் இருக்கிறது, 1937 ஜனவரியிலிருந்து வருடம் தவறாமல் ஒரு பெரிய கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் நடந்த இடம். எழுபது வருடத்துக்கு மேல் காத்திருந்து ரயில் வந்தாயிற்று, இனி வெளியூர் ரசிகனுக்கு வண்டி எடுக்கும் தொல்லை இல்லை என்றுதானே நினைப்பீர்கள்? நாலே மாதம். 2010 ஜனவரி 2 அன்று அந்த ஆட்டம் மூட்டை கட்டிக்கொண்டு ஆர்லிங்டனுக்குப் போய்விட்டது. டல்லாஸ் நடுநகரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் இருக்கும். ரயிலை விடுங்கள், அந்த ஊரில் வழக்கமான நகரப் பேருந்தே கிடையாது. இன்றைக்கும் போனில் கூப்பிட்டால் வரும் வேன்தான்.

சரி, கொஞ்சம் பின்னால் போவோம். நான் சொல்லும் ஃபுட்பால் காலால் உதைக்கும் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டு மோதும் அமெரிக்க ஆட்டம். சீசன் முடிந்ததும், பொதுவாக ஆறு ஆட்டமாவது ஜெயித்த கல்லூரி அணிகளை டிசம்பர், ஜனவரியில் எங்கோ ஒரு ஊருக்கு வரவழைத்து ஆடவைப்பதற்குப் பெயர் பவுல். 1902-ல் கலிஃபோர்னியாவின் பாசடீனா ஊர்க்காரர்கள் ரோஜாப்பூத் திருவிழாவுக்குக் கூட்டம் சேர்க்க ஆரம்பித்து வைத்தார்கள். 1935 புத்தாண்டில் மயாமியும் நியூ ஆர்லியன்ஸும் அதே வழியில் இறங்கின. வடக்கே பனியில் நடுங்குபவன் தெற்கே வெயில் காய வரட்டும், கிறிஸ்துமஸ் முடிந்து ஈயோட்டும் ஓட்டல் அறைகள் நிரம்பட்டும் என்பதுதான் கணக்கு. ஆகவே ஊர் சுற்றிப் பார்க்க லாயக்கா என்ற கேள்வி இங்கே கொசுறு இல்லை. ஆட்டம் பிறந்ததே அதற்காகத்தான்.

[திரையில்: ஜாக்சன்வில், மேலிருந்து]

இப்போது தெற்கத்திய ஊர்களைப் பாருங்கள். காருக்காகவே கட்டியது போல, பாயை விரித்த மாதிரி பரந்து கிடக்கும். ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் 1968-ல் தன் கவுண்டியோடு, அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி, ஒன்றாக இணைந்தது. அலாஸ்காவைத் தள்ளிவைத்தால் பரப்பளவில் அமெரிக்காவின் மிகப்பெரிய நகரம் இதுதான். 1946-லிருந்து அங்கே கேட்டர் பவுல் நடக்கிறது. ஆனால் 2005-ல் தொழில்முறை ஆட்டத்தின் சூப்பர் பவுல் வந்தபோது ஓட்டல் அறை போதாமல், சொகுசுக் கப்பல்களைக் கொண்டுவந்து ஆற்றில் நிறுத்தி விருந்தாளிகளைத் தங்கவைத்தார்கள். அவ்வளவு இடம் இருந்தும் படுக்க இடமில்லை!

அப்படியானால் பரந்த ஊர் எல்லாமே பவுலுக்கு ஆகாதா? இல்லை. சான் அன்டோனியோ என்ன சின்ன ஊரா? வட்டச் சாலைக்கு வெளியேயும் வளர்ந்துகொண்டே போகிற டெக்சஸ் நகரம். ஆனால் ஆட்டம் பார்க்க வருகிறவன் கண்ணில் அது படவே படாது. அவனுடைய ஓட்டல், அலமோ கோட்டை, ஆற்றோரமாகக் கடைகள் வரிசையாக இருக்கும் ரிவர் வாக், 1993-லிருந்து அலமோ பவுல் நடக்கும் அலமோடோம், எல்லாம் பொடிநடை தூரம். ராத்திரி ஆட்டம் முடிந்து தோற்ற கட்சி புலம்பிக்கொண்டே நடந்து வந்து ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். என் கணக்குப்படி, ஊர் எவ்வளவு பெரியது என்று பார்ப்பதே தப்பு. ஓட்டலுக்கும் மைதானத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம்? அதை மட்டும் அளந்தால் போதும்.

அட்லாண்டாவும் இந்தக் கணக்கில் தேறுகிறது. நெரிசலுக்குப் பேர் போன ஊர்தான். 2014 ஜனவரியில் இரண்டு அங்குலப் பனி விழுந்ததற்கே ஜனங்கள் நெடுஞ்சாலையில் காருக்குள்ளேயே ராத்திரியைக் கழித்தார்கள். ஆனால் அங்கே நடக்கும் பீச் பவுலுக்கு (கடற்கரை இல்லை, பீச் பழம்) போகிறவன் விமான நிலையத்துக்குள்ளேயே மார்ட்டா என்ற நகர ரயில் ஏறி, நடுவில் ஒரு தடவை மாறினால் மைதானத்துக்குப் பக்கத்திலேயே இறங்கிவிடலாம். 2006-ல் கத்ரீனா புயலால் நியூ ஆர்லியன்ஸில் நடக்க முடியாமல் போன சுகர் பவுலை அட்லாண்டாதான் ஏற்று நடத்தியது.

மயாமி நேர் எதிர். ஆரஞ்ச் பவுல் ஊருக்குள் லிட்டில் ஹவானாவில் நடந்துகொண்டிருந்தது. 1996 டிசம்பரில் அதை வடக்கே, இப்போது மயாமி கார்டன்ஸ் என்கிற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரைக்காக மயாமி வருகிறவன் கடற்கரையில்தான் தங்குவான், மைதானமோ எங்கேயோ உள்ளே. பெயரில் மட்டும்தான் மயாமி.

[திரையில்: ஆர்லிங்டன் மைதானத்தின் கூரை]

இதற்காக ஆர்லிங்டனை முழுசாகத் திட்டவும் மனசு வரவில்லை. 1979 புத்தாண்டில் திறந்தவெளி காட்டன் பவுலில் உறைபனி மழை. நோட்ர டேம் அணியின் ஜோ மொன்டானா உடம்பு விறைத்துப்போய், உள்ளே அழைத்துப் போய் கோழி சூப் கொடுத்துத்தான் தேற்றினார்கள். திரும்பி வந்து 34-12 என்று பின்தங்கியிருந்த ஆட்டத்தை 35-34 என்று ஜெயித்துக் கொடுத்தார். கதை பிரமாதம், ஆனால் அந்தக் குளிரில் மேலே உட்கார்ந்திருந்த ஜனத்துக்கு யார் சூப் கொடுத்தது? ஆர்லிங்டனில் கூரை உண்டு. அப்புறம் இன்னொன்று, ஓக்லஹோமாவிலிருந்தோ ஆர்கன்சாவிலிருந்தோ தன் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்து, வாகன நிறுத்தத்திலேயே அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டுத் தின்கிற ரசிகனுக்கு ரயில் எதற்கு? அவனுக்கு வேண்டியது பரந்த தார்த்தரை. விமானத்தில் இரண்டு பிள்ளைகளோடு வந்து இறங்குகிற குடும்பம்தான் டாக்சிக்கு அழுகிறது.

ஃபேர் பார்க் ரயில் வீணாகிவிடவில்லை. ஒவ்வொரு அக்டோபரிலும் டெக்சஸ் மாநிலக் கண்காட்சி நடக்கும்போது டெக்சஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழக அணிகள் அந்தப் பழைய மைதானத்தில்தான் மோதுகின்றன. அன்றைக்குப் பச்சைக் கோட்டு ரயிலில் உட்கார இடம் தேடாதீர்கள்.