கோலாலம்பூர் பால்கனியில் ஹவோர்த்தியா

நேயர்களுக்கு வணக்கம்.

துளசிக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு, அடியில் மிஞ்சியதைப் பக்கத்துத் தொட்டியில் சாய்த்துவிட்டுப் போவது நம் வீடுகளில் பழக்கம். அந்தப் பக்கத்துத் தொட்டியில் இருப்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ஹவோர்த்தியா என்றால், அந்த மிச்சத் தண்ணீரே ஓரிரு மாதத்தில் அதை அழுக வைத்துவிடும். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையிலும் சுங்கை பூலோ சாலையோர நர்சரிகளிலும் சில வெள்ளிக்குக் கிடைக்கும் இந்தச் செடியைக் கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டில் ஆண்டுக்கணக்கில் வாழ வைப்பது எப்படி, ஒன்றிலிருந்து பல கன்றுகள் எடுப்பது எப்படி என்று இன்று சொல்கிறேன்.

ஹவோர்த்தியா நம் கற்றாழைக்கு ஒன்றுவிட்ட தங்கை. இரண்டும் ஒரே குடும்பம். தாயகம் தென்னாப்பிரிக்கா. ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஏட்ரியன் ஹார்டி ஹவோர்த்தின் பெயரை 1809இல் இதற்குச் சூட்டினார்கள். வெள்ளை வரி போட்ட, கெட்டி மடல் வகைகளை 2013இல் ஹவோர்த்தியாப்சிஸ் என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள்; கடைகளில் இன்னும் பழைய பெயர்தான். வரிக்குதிரைச் செடி என்று விற்கப்படுவதை வாங்கும்போது மடலின் உள்பக்கத்தை நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். அங்கேயும் வெள்ளைப் புள்ளி சொரசொரவென்று தட்டுப்பட்டால் அது அட்டெனுவாட்டா. உள்பக்கம் வழவழவென்று இருந்து வெளிப்பக்கம் மட்டும் வரி இருந்தால் ஃபாசியாட்டா. ஃபாசியாட்டா என்று சீட்டு எழுதி விற்கப்படுவதில் பெரும்பாலானவை அட்டெனுவாட்டாதான். நமக்கு அதில் நட்டமில்லை. நம் ஊர்ச் சூட்டையும் ஈரக் காற்றையும் நன்றாகத் தாங்கும் வகைகளில் அதுவும் ஒன்று. நுனியில் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் கூப்பெரி வகை பார்க்க அழகு, ஆனால் இங்கே சீக்கிரம் அழுகும். முதல் செடியாக அதை வாங்க வேண்டாம். கேமரன் மலையில் ரோஜாப்பூ போல விரிந்து நிற்கும் எச்செவேரியாவுக்கும் இதே எச்சரிக்கை: மலைக் குளிரில் பிடித்த நிறம் பட்டணத்தில் சில வாரங்களில் வெளுத்து, தண்டு நீண்டுவிடும்.

நம் ஊர் ஏன் இதற்குக் கடினம் என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். பெரும்பாலான செடிகள் பகலில் மூச்சுத்துளைகளைத் திறக்கும். இது பகலில் மூடிக்கொண்டு, இரவில் குளிர்ந்தபின் திறந்து கரியமில வாயுவை உள்ளே சேர்த்து வைக்கும். தண்ணீரை இழக்காமலிருக்க வறண்ட நாட்டில் கற்ற உத்தி அது. இங்கே இரவிலும் வெப்பம் பெரும்பாலும் 23, 24 டிகிரிக்கு அருகில்தான் நிற்கும். காற்றும் ஈரமாகவே இருக்கிறது. அதனால் செடி மெதுவாக வளரும், குறைவாகக் குடிக்கும். நாம் ஊற்றுவதில் பெரும்பகுதி வேருக்குள் போகாமல் மண்ணிலேயே தங்குகிறது. மண்ணில் ஈரம் தங்கினால் வேருக்குக் காற்றில்லை. காற்றில்லாத வேரில் பூஞ்சை ஏறும். எனவே நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: ஊற்றிய தண்ணீர் எத்தனை நாளில் காய்கிறது? நான்கு நாளில் காய்ந்தால் செடி பிழைக்கும். பத்து நாளாகியும் ஈரம் இருந்தால், நீங்கள் எவ்வளவு கவனமாக ஊற்றினாலும் பயனில்லை.

காயும் வேகத்தைத் தீர்மானிப்பது மண் கலவை. நர்சரியில் விற்கும் கறுப்பு மண் தனியாக உதவாது. பியூமிஸ் என்கிற நுரைக்கல் மூன்று பங்கு, கருக்கிய நெல் உமி ஒரு பங்கு, நன்றாக மக்கிய உரமோ தேங்காய் நார்த்தூளோ ஒரு பங்கு. நுரைக்கல் 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை, அதாவது உளுந்திலிருந்து பட்டாணி அளவுக்குள் இருக்க வேண்டும். மாவு போன்ற தூளைச் சல்லடையில் சலித்து, தண்ணீரில் இரண்டு முறை அலசி எடுங்கள். அந்தத் தூள்தான் இடைவெளிகளை அடைத்துச் சேறாகும். நுரைக்கல் கிடைக்காவிட்டால் பெர்லைட் என்கிற வெள்ளைப் பொரிகல் போதும், ஆனால் அது இலேசானது. தண்ணீர் ஊற்றும்போது மேலே மிதந்து வரும்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் தண்ணீர் வடிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. நுண்ணிய மண் முழுவதும் ஊறித் ததும்பும் வரை தண்ணீர் கீழே உள்ள கல்லுக்கு இறங்காது. ஈரத்தில் ஊறும் அடுக்கு வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். கல் வேண்டாம், முழுத் தொட்டியிலும் ஒரே கலவை, அடியில் துளை, துளையின் மேல் ஒரு துண்டு வலை. 7, 8 சென்டிமீட்டர் அகலமுள்ள, மெருகு பூசாத மண்தொட்டி நம் காற்றுக்கு மிகவும் பொருத்தம், ஏனென்றால் அதன் பக்கச் சுவர்களும் ஈரத்தை வெளியே விடும். செடியை விடப் பெரிய தொட்டி எடுக்காதீர்கள். வேர் எட்டாத மண்ணில் தங்கும் ஈரம் யாருக்கும் பயன்படாமல் கெடும்.

வாங்கி வந்த செடியை அன்றே தொட்டியிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். நார்த்தூளில் இறுக்கி, சில சமயம் வேரைச் சுற்றி மெல்லிய வலைத்துணியோடு வரும். துணியைக் கத்தரித்து, தூளை விரலால் உதிர்த்து எடுங்கள். நல்ல வேர் தடிப்பாக, வெளிர் நிறத்தில், அழுத்தினால் கெட்டியாக இருக்கும். பழுப்பாக உள்ளீடற்று இருப்பதை மெல்ல இழுத்தால் மேல்தோல் உறை போலக் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். அது செத்த வேர், வெட்டிவிடுங்கள். இந்தச் செடி பழைய வேரைக் கழித்துப் புது வேர் விடும் இயல்புடையது, பயப்பட வேண்டாம். வெட்டுக் காயம் உலர மூன்று நாள் நிழலில் வைத்து, பிறகு உலர்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்தே தண்ணீர்.

தண்ணீருக்கு நாள் குறிக்காதீர்கள். சாத்தே இறைச்சி கோக்கும் மூங்கில் குச்சி ஒன்றைத் தொட்டியின் ஓரமாக அடிவரை செருகி, பத்து நிமிடம் விட்டு உருவுங்கள். குச்சி கறுத்து, துகள் ஒட்டியிருந்தால் காத்திருங்கள். உலர்ந்து வெறுமையாக வந்தால், அதற்குப்பின் இன்னும் இரண்டு நாள் பொறுத்து ஊற்றுங்கள். சமையலறைத் தராசு இருப்பவர்களுக்கு இன்னும் எளிது: காய்ந்த தொட்டி 150 கிராம், ஊற்றி வடிந்தபின் 200 கிராம் என்றால், எடை மீண்டும் 150க்கு அருகில் வரும்போதுதான் அடுத்த தண்ணீர். ஊற்றும்போது துளிகளாக அல்ல, அடித்துளை வழியே வழியும்வரை தாராளமாக, காலை நேரத்தில், மண்ணின் மேல். நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் ஊதி வெளியேற்றுங்கள். ஈரக்காற்றில் இரவு முழுவதும் அது அங்கேயே நிற்கும். வெயில் காலத்தில் பத்து நாளுக்கு ஒரு முறை வரலாம், அக்டோபர், நவம்பர் மழையில் மூன்று வாரமும் ஆகலாம். மாலை இடிமழையின் சாரல் பால்கனிக்குள் அடிக்குமானால் தொட்டியை ஒரு மீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள்.

அரிசி களைந்த தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றுங்கள், இதற்கு வேண்டாம். மாவுச்சத்து நுரைக்கல் இடுக்கில் புளித்து, பூஞ்சையும் சின்னக் கறுப்பு ஈக்களும் வரும். தேயிலைச் சக்கையும் அப்படியே. உரம் என்றால், மெதுவாகக் கரையும் குருணை ஐந்தாறு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும். தொட்டியின் அடித்தட்டில் வடியும் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள். அது வேரையும் அழுக வைக்கும், டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் பிள்ளைத்தொட்டிலாகும். கொசு வளரும்படி வீட்டில் தண்ணீர் தேங்க விடுவது 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி குற்றம்.

அடுத்து வெளிச்சம். காலை ஒன்பது, பத்து மணிவரை கிழக்கு வெயில், பிறகு பிரகாசமான நிழல்: இதுதான் உகந்தது. நாம் நிலநடுக்கோட்டுக்கு மூன்று டிகிரி வடக்கே இருப்பதால் சூரியன் மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் உச்சந்தலைக்கு நேரே வரும். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. ஆகவே தெற்குப் பார்த்த பால்கனியில் ஜூனில் நிழலில் இருந்த தொட்டி டிசம்பரில் நேர் வெயிலில் மாட்டிக்கொள்ளும். ஆண்டுக்கு இரண்டு முறை இடம் மாற்றிப் பாருங்கள். மேற்கு பால்கனி என்றால் 50 சதவீத நிழல்வலை கட்டாயம். மடல் செம்பழுப்பாக மாறினால் வெயில் மிகுதி. நிழலுக்கு மாற்றினால் சில வாரங்களில் பச்சை திரும்பும். வெந்து வெள்ளைத் தழும்பு விழுந்தது மாறாது. மடல்கள் விரிந்து, நீண்டு, வெளிறினால் வெளிச்சம் பற்றவில்லை.

மண் ஈரமாக இருந்தும் மடல் சுருங்கினால் தாகம் என்று எண்ணி ஊற்றாதீர்கள். வேர் செத்துவிட்டது, குடிக்க வாயில்லை. உடனே பிடுங்கிப் பாருங்கள். அடி மடல் கண்ணாடி போல ஊறி, கொழகொழத்து, துர்நாற்றம் அடித்தால் அழுகல் தண்டுக்கு ஏறிவிட்டது. ஆல்கஹாலில் துடைத்த கத்தியால் தண்டைக் கீழிருந்து மெல்லிய துண்டுகளாக வெட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு முறையும் கத்தியைத் துடையுங்கள். வெட்டிய முகத்தில் பழுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாமல் சுத்தமான வெளிர்நிறம் வரும்போது நிறுத்தி, பத்து நாள் காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள். மாவுப்பூச்சி மடல் இடுக்கில் பஞ்சு போல ஒளிந்திருக்கும். 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த காதுக் குச்சியால் தொட்டு எடுத்து, ஏழு நாளுக்கு ஒரு முறை, மூன்று முறையாவது திரும்பச் செய்ய வேண்டும், முட்டைகள் தப்பிவிடும் என்பதால். தொட்டியில் எறும்பு ஊர்ந்தால் மாவுப்பூச்சி வேரில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது பெருக்கத்துக்கு வருவோம். எளிய வழி, தாயின் காலடியில் முளைக்கும் பக்கக் கன்று. அவசரப்பட்டு எடுத்தால் வேரில்லாமல் வரும். தாயின் மூன்றில் ஒரு பங்கு அளவு வளர்ந்து, ஐந்தாறு மடல் வரும்வரை விட்டுவையுங்கள். செடியை முழுதாகத் தொட்டியிலிருந்து எடுத்து, மண்ணை உதிர்த்து, கன்று ஒட்டியிருக்கும் இடத்தை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். சொந்த வேரோடு பிரிந்துவிட்டால் நல்லது. மூன்று நாள் உலர்த்தி நடலாம். கத்தி தேவைப்பட்டால், காயத்தில் பொருக்குக் கட்ட நம் ஈரக் காற்றில் ஒரு வாரம் கொடுங்கள்.

கன்று விடாத செடிக்கு மடல் வழி. இங்கே தவறு நடப்பது ஒரே இடத்தில்: மடலைப் பாதியில் ஒடிப்பது. புதுச் செடி முளைப்பது மடல் தண்டைத் தழுவியிருக்கும் வெள்ளை அடியிலிருந்துதான்; அந்த அடி முழுதாக வராத மடல் பச்சையாக இருக்கும், வேர்கூட விடலாம், ஆனால் பெரும்பாலும் குட்டி போடாது. நன்கு தடித்த, கீழிருந்து இரண்டாம் மூன்றாம் வரிசை மடலைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, இடம் வலமாக மெதுவாக ஆட்டுங்கள். சின்னதாக ஒரு சத்தத்துடன் வெள்ளைக் குதிகால் கழன்று வரும். பத்து நாள் நிழலில் வையுங்கள். அடி சுருங்கிக் காகிதம் போல் காய்ந்துவிடும். பிறகு சலித்த நுரைக்கல்லில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சாய்வாகச் செருகுங்கள். வேரில்லாத மடலுக்குத் தண்ணீர் ஊற்றினால் அழுகும். கலவையின் அடிப்பகுதி மட்டும் இலேசாக ஈரமாக இருக்கட்டும், வேர் ஈரத்தைத் தேடி இறங்கும். நான்கிலிருந்து எட்டு வாரத்தில் வேர், அதற்குப்பின் இன்னும் இரண்டு முதல் ஆறு மாதத்தில் அடியில் பச்சை மொட்டு. இடையில் இழுத்து இழுத்துப் பார்த்தால் மயிரிழை போன்ற புது வேர் அறுந்துவிடும். ஒரே நேரத்தில் மூன்று நான்கு மடல் வையுங்கள், எல்லாம் பிழைக்காது. தாய் மடல் சுருங்கி வற்றும்வரை குட்டியிலிருந்து பிரிக்காதீர்கள், அதன் சத்தைத்தான் குட்டி தின்கிறது.

மஞ்சள் அல்லது வெள்ளைப் பட்டை ஓடிய, விலை கூடிய செடிகளை மடலில் பெருக்க முயல வேண்டாம். ஒரே செடியில் இரு வகைத் திசுக்கள் அடுக்காக இருப்பதால் அந்தப் பட்டை வருகிறது. மடலின் அடியில் எந்தத் திசு முளைக்கிறதோ அதன் நிறமே குட்டிக்கு; பெரும்பாலும் வெறும் பச்சையாக வரும், முழு வெள்ளையாக வந்தால் பச்சையம் இல்லாமல் மடியும். பட்டை வேண்டுமென்றால் பக்கக் கன்றுக்காகக் காத்திருங்கள். கன்று பிரித்தாலும் மடல் செருகினாலும், தொட்டியில் ஒரு ஐஸ்கிரீம் குச்சி குத்தி, பென்சிலால் தேதி எழுதி வையுங்கள். பேனா மை வெயிலில் அழிந்துவிடும்.

நன்றி, வணக்கம்.