வீட்டுக் கணினிக்கு ஒரே பிளேயர்: கல்யாண டிவிடியை வைத்துச் சோதித்துப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. படம், பாட்டு, பழைய டிவிடி, செல்போனில் எடுத்த வீடியோ என்று எதைக் கொடுத்தாலும் மறுக்காமல் ஓட்டுகிற ஒரே பிளேயர் எது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளுக்கு விஎல்சி (VLC) என்ற இலவசப் பிளேயர் போதும். ஆனால் நான் சொன்னேன் என்பதற்காக அதை வைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டில் இருக்கிற கோப்புகளைக் கொண்டு நீங்களே சோதித்துப் பாருங்கள். எப்படிச் சோதிப்பது என்பதைத்தான் இன்று காட்டப்போகிறேன்.

பிளேயர்களைப் பற்றித் தேடினால் வசதிப் பட்டியல்கள்தான் வந்து குவியும். அவற்றில் பாதியை நாம் ஆயுளுக்கும் தொடமாட்டோம். அதனால் பட்டியலை ஒதுக்கிவிட்டு, உங்களிடம் இருப்பவற்றிலேயே அதிகம் முரண்டு பிடிக்கிற மூன்றை எடுத்து வையுங்கள். ஒன்று, குடும்பத்தில் யாருடைய கல்யாண டிவிடியாவது. இரண்டாவது, புதிய செல்போனில் எடுத்த வீடியோ. மூன்றாவது, தமிழ் சப்டைட்டில் உள்ள ஒரு படம். கூடுதலாக எதையும் நிறுவச் சொல்லாமல் இந்த மூன்றையும் ஒழுங்காக ஓட்டுகிற பிளேயர்தான் உங்களுக்கான பிளேயர்.

முதலில் கல்யாண டிவிடி. விண்டோஸ் 8 வந்த 2012-லேயே டிவிடி ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் தன் பிளேயரிலிருந்து எடுத்துவிட்டது. விண்டோஸ் 10-க்கு அதைத் தனிச் செயலியாக விலைக்கு விற்றது. ஆகவே டிவிடியைப் போட்டதும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் வட்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வட்டைத் துடைத்துத் துடைத்துக் கீறல் விழவைக்கவும் வேண்டாம். விஎல்சியைத் திறந்து, கன்ட்ரோல் விசையோடு டி-யை அழுத்தினால் வட்டைத் திறக்கும் பெட்டி வரும். பிளே கொடுங்கள், ஓடும்.

இப்போது திரையை உற்றுப் பாருங்கள். மணமேடையிலிருந்து கேமரா சட்டென்று பந்திப் பக்கம் திரும்புகிறது. ஓடி வருகிற குழந்தையின் கை ஓரத்தில், சேலைக் கரையில், சீப்புப் பற்களைப் போலக் கிடைக்கோடுகள் தெரிகின்றனவா? படம் நின்றால் கோடுகள் மறைகின்றன, அசைந்தால் திரும்ப வருகின்றன. வட்டில் பழுதில்லை. நம் ஊர்க் கல்யாண டிவிடிகள் பெரும்பாலும் வினாடிக்கு 25 படங்கள் கொண்ட பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் பதிவானவை. ஒவ்வொரு படமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு பாதிகளாக, வெவ்வேறு நொடித்துளிகளில் எடுக்கப்பட்டிருக்கும். பழைய குழாய்த் தொலைக்காட்சி அந்தப் பாதிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியதால் கண்ணுக்குத் தெரியவில்லை. கணினித் திரை இரண்டையும் சேர்த்து ஒரே படமாகக் காட்டும்போது, அசைவுள்ள இடமெல்லாம் பிசிறு தட்டுகிறது.

இதைச் சரிசெய்வதற்குப் பெயர் டீஇன்டர்லேஸ். விஎல்சி வழக்கமாகத் தானே கண்டுபிடித்துச் செய்துவிடும். சில வட்டுகளில் அதற்கான குறிப்பு தவறாகப் பதிவாகியிருக்கும். அப்போது டி விசையை மட்டும் ஓரிரு முறை அழுத்துங்கள். ஆன், ஆஃப் என்று திரையிலேயே எழுத்து வரும். ஆன் ஆனதும் பாருங்கள், அந்தக் குழந்தையின் கை எவ்வளவு தெளிவாகிவிட்டது! பிசிறோடு பார்த்துப் பழகி, பழைய வீடியோ என்றால் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்ட குடும்பங்கள் நிறைய உண்டு. எனக்கு அதுதான் வருத்தம்.

இன்னும் இரண்டு விசைகளை நினைவில் வையுங்கள். இ-யை அழுத்தினால் வீடியோ ஒவ்வொரு படமாக நகரும். வேண்டிய முகம் தெளிவாக வந்ததும் ஷிஃப்ட் விசையோடு எஸ் அழுத்துங்கள். அந்தக் காட்சி புகைப்படமாகச் சேமிக்கப்பட்டுவிடும். தனியாக ஒரு புகைப்படம்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்ச் சேர்ந்த தாத்தா பாட்டிகள் நம் வீடுகளில் எத்தனை பேர்! ஆசீர்வாதம் செய்ய மேடையேறிய அந்த இரண்டு நொடியில் அவர்கள் இருப்பார்கள். டிவிடியின் அளவு 720-க்கு 576 புள்ளிகள்தான், பெரிய சட்டத்துக்குத் தாங்காது. சிறிய படத்துக்கு நிச்சயம் தாங்கும். அதற்கு முந்தைய விசிடி என்றால் 352-க்கு 288 தான். அதையும் எடுத்து வையுங்கள். இருப்பது அதுதானே.

வட்டுகள் நிரந்தரம் இல்லை. எழுதப்பட்ட டிவிடியின் சாயப்பூச்சு காலப்போக்கில் மங்குகிறது, வெயிலும் ஈரமும் பட்டால் சீக்கிரமே. கல்யாண வட்டுகளில் பெரும்பாலும் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இருக்காது. வீடியோ_டிஎஸ் என்ற கோப்புறையை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து வைத்தால், விஎல்சியில் ஓப்பன் ஃபோல்டர் கொடுத்து வட்டு இல்லாமலே பார்க்கலாம். விசிடி என்றால் எம்பெக்ஏவி கோப்புறைக்குள் டிஏடி (.dat) என்று முடியும் கோப்பு இருக்கும், அதை நகலெடுங்கள். இந்த வாரமே செய்துவிடுங்கள்.

அடுத்து செல்போன் வீடியோ. கோப்பின் பெயர் எம்பி4 என்று முடிகிறது, ஆனாலும் சத்தம் மட்டும் வருகிறது, திரை கறுப்பாக இருக்கிறது என்பார்கள். எம்பி4, எம்கேவி, ஏவிஐ எல்லாம் வெறும் உறைகள். உள்ளே வீடியோ எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம். அந்த முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். பல ஆண்டுகளாக எச்.264 என்ற கோடெக்தான் எங்கும் இருந்தது. 2013-இல் எச்.265 வந்தது, எச்இவிசி என்றும் சொல்வார்கள். அதே தரத்துக்குக் கிட்டத்தட்டப் பாதி இடம் போதும் என்பதால், 2017-இல் ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் அதற்கு மாறின. பல ஆண்ட்ராய்டு போன்களிலும் அந்த அமைப்பு இருக்கிறது. விஎல்சியில் வீடியோ ஓடும்போது கன்ட்ரோல் விசையோடு ஜே அழுத்துங்கள். உள்ளே என்ன கோடெக் என்று அந்தப் பெட்டி சொல்லிவிடும். இதோ இந்தக் கோப்பில் எச்இவிசி என்று காட்டுகிறது.

விண்டோஸில் உள்ள பிளேயர் இதை ஓட்ட, ஸ்டோரில் எச்இவிசி நீட்சியை வாங்கச் சொல்லும். சிறிய தொகைதான், ஆனால் பணம். விஎல்சி மட்டும் எப்படி இலவசமாக ஓட்டுகிறது? இந்தக் கோடெக்குகளின் மீது காப்புரிமைகள் இருக்கின்றன, அவற்றுக்கு நிறுவனங்கள் உரிமத்தொகை கட்டுகின்றன. விஎல்சியை உருவாக்கும் வீடியோலேன் பிரான்சில் இயங்குகிற, லாப நோக்கமற்ற அமைப்பு. மென்பொருளுக்கான காப்புரிமையைப் பிரெஞ்சுச் சட்டம் ஏற்பதில்லை என்பது அவர்கள் நிலைப்பாடு. அந்தத் துணிவில்தான் எல்லாக் கோடெக்குகளையும் உள்ளேயே வைத்துத் தருகிறார்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற திறந்த மூலத் திட்டம் 2000-இலிருந்து வளர்த்துவரும் கோடெக் தொகுப்புதான் இதற்கு முதுகெலும்பு. எம்பிவி போன்ற மற்ற நல்ல பிளேயர்களுக்கும் அடித்தளம் அதுவே.

எனவே கோடெக் பேக் என்று தனியாக எதையும் தேடி நிறுவ வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு காலத்தில் அது தேவைப்பட்டது, இன்று தேவை இல்லை. கோடெக் இல்லை, இதைப் பதிவிறக்குங்கள் என்று ஒரு இணையப் பக்கம் மிரட்டினால், அது உங்கள் கணினிக்குள் நுழையப் பார்க்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ ஓடுகிறது, ஆனால் திக்கித் திக்கி ஓடுகிறது என்றால் பிளேயரைக் குறை சொல்வதற்கு முன் கணினியின் வயதைப் பாருங்கள். இன்டெல் சில்லுகளில் 2015-இல் வந்த ஆறாம் தலைமுறையிலிருந்துதான் எச்இவிசி-யைப் பிரிக்கும் தனிப் பகுதி முழுமையாக இருக்கிறது. நிறங்களைக் கூடுதல் நுணுக்கத்தோடு பதிவு செய்யும் 10 பிட் எச்இவிசி-க்கு ஏழாம் தலைமுறை வேண்டும். அதற்கு முந்தைய கணினியில் எல்லாச் சுமையும் பிராசசர் தலையில் விழும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு வீடியோவை ஓட்டுங்கள். ஜிபியு பகுதியில் வீடியோ டீகோட் என்ற கோடு உயர்ந்தால் வன்பொருள் வேலை செய்கிறது. அது தரையில் கிடக்க, சிபியு நூறைத் தொட்டால், எந்தப் பிளேயராலும் 4கே வீடியோவைச் சரளமாக ஓட்ட முடியாது. செல்போன் அமைப்பிலேயே 1080-க்கு இறக்கி எடுப்பது நல்லது.

மூன்றாவது, தமிழ் சப்டைட்டில். இங்கே எழுத்துகளைக் கூர்ந்து பாருங்கள். கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். கன்ட்ரோல் விசையோடு பி அழுத்தி, சப்டைட்டில்ஸ் பகுதியில் எழுத்துருவை நிர்மலா யுஐ என்று மாற்றுங்கள். விண்டோஸ் 8 முதல் அது கணினியோடு வருகிறது. புரியாத ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் குறியாக்கச் சிக்கல். அதே பகுதியில் டீஃபால்ட் என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎஃப்-8 என்று வையுங்கள். கோப்பு டிஸ்கி போன்ற பழைய முறையில் இருந்தால் இதனால் சரியாகாது. ஒருங்குறிக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று பிரிந்து நிற்கிறதா என்பதையும் பாருங்கள். மொழிகளை ஆதரிக்கிறோம் என்று மார்தட்டும் பிளேயர்கள் "கொ", "தோ" போன்ற எழுத்துகளில்தான் மாட்டிக்கொள்கின்றன. தமிழ் ஒழுங்காகத் தெரியாத பிளேயர் எனக்கு வேண்டவே வேண்டாம்.

வசனத்துக்கு முன்னோ பின்னோ வரி வந்தால் ஜி, எச் விசைகளால் நகர்த்தலாம். தொடக்கத்தில் பொருந்தி, போகப் போக விலகினால் படத்தின் வேகமும் சப்டைட்டிலின் வேகமும் வேறு. ஒன்று வினாடிக்கு 25 படம், இன்னொன்று 23.976 என்றால் ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் விலகிவிடும். டூல்ஸ் மெனுவில் டிராக் சிங்க்ரனைசேஷன் போய் சப்டைட்டில் வேகத்தை மாற்றுங்கள்.

இனி, விஎல்சி எனக்கு நிறைவளிக்காத இடம். அது பாட்டு. கச்சேரிப் பதிவு வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். ஆலாபனை ஒரு கோப்பு, கீர்த்தனை அடுத்த கோப்பு என்று வெட்டப்பட்ட வட்டுகளில் இடைவெளி விழக்கூடாது. தம்புராவின் நாதம் அறுபடாமல் தொடர வேண்டும். விஎல்சி 3-இல் ஒரு கோப்பு முடிந்து அடுத்தது தொடங்குமிடத்தில் ஒரு சின்ன வெட்டுக் கேட்கிறது. ரசிகருக்கு அது பெரிய வெட்டு. இதற்கு ஃபூபார்2000 என்ற இலவசப் பிளேயரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பிளேயர் என்ற விதியைப் பாட்டுக்காக நான் மீறுவேன்.

கணினி மிகப் பழையது என்றால் எம்பிசி-எச்சி பொருத்தம். பழைய விண்டோஸ் பிளேயரின் தோற்றத்தில் எடை குறைவாக இருக்கும். அதன் அதிகாரபூர்வ வெளியீடு 2017-இல் நின்றது, ஆர்வலர்கள் தொடர்ந்து புதுப்பித்து வருகிறார்கள். விசைகளாலேயே எல்லாவற்றையும் இயக்கப் பிடிக்கும் என்றால் எம்பிவி. மேக் வைத்திருப்பவர்களுக்கு அதையே அழகாக உடுத்திய ஐஐஎன்ஏ. கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்து, கூடத்தில் எல்லாரும் ரிமோட்டில் பார்க்க வேண்டும் என்றால் கோடி (Kodi) என்ற பிளேயர். அது தன்னிடம் எந்தப் படத்தையும் வைத்திருப்பதில்லை. இலவசமாகப் படங்கள் வரும் என்று ஆசை காட்டி விற்கப்படும் துணைச் செயலிகளுக்கும் கோடி குழுவினருக்கும் தொடர்பில்லை.

விஎல்சியை எங்கிருந்து பதிவிறக்குவது என்பதைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. 1996-இல் பாரிஸ் அருகே எகோல் சென்ட்ரல் கல்லூரி மாணவர்கள், வளாக வலையமைப்பில் வீடியோ அனுப்புவதற்காகத் தொடங்கிய வேலை இது. 2001 பிப்ரவரி 1 அன்று திறந்த மூலமாக வெளியிட்டார்கள். விளம்பரம் சேர்க்கப் பெருந்தொகை தர முன்வந்தவர்களை மறுத்ததாக வீடியோலேன் தலைவர் ழான்-பாப்டிஸ்ட் கெம்ப் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அவர்கள் காட்டிய அந்த உறுதியை நான் மிக மதிக்கிறேன். ஆனால் 2022-இல் பிப்ரவரி முதல் நவம்பர் வரை அவர்களுடைய தளம் இந்தியாவில் முடக்கப்பட்டிருந்தது. பதிவிறக்கம் செய்ய மாற்றுத் தளங்களைத் தேடிப் போகும் பழக்கம் பலருக்கு அப்போது வந்துவிட்டது. அதை விட்டுவிடுங்கள். தளம் இப்போது திறந்துதான் இருக்கிறது.

தேடுபொறியில் மேலே நிற்கும் விளம்பர இணைப்பைச் சொடுக்காதீர்கள். வீடியோலேன் டாட் ஆர்க் என்று முகவரிப் பட்டியில் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். இறங்கிய கோப்பின்மீது வலது சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸ், பிறகு டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்று போய்ப் பாருங்கள். கையொப்பமிட்டவர் வீடியோலேன் என்று இருந்தால் நிறுவலாம். வேறு பெயர் இருந்தாலோ, அந்தப் பகுதியே இல்லை என்றாலோ கோப்பைத் திறக்காமல் அழித்துவிடுங்கள்.