ஐந்து ரூபாய்க்கு அப்பால்

(தண்டையார்பேட்டையில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டை ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரிலும், வியாசர்பாடி திருவேங்கடம் வீரராகவன் 2020 ஆகஸ்டிலும் மறைந்தபோது, இருவரையும் ‘ஐந்து ரூபாய் டாக்டர்’ என்றே நாடு நினைவுகூர்ந்தது. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த திருவேங்கடம் 1973-இல் இரண்டு ரூபாய்க்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கியவர். அந்தக் கட்டணத்தைப் போற்றிய நாம், இருவரும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இதே வடசென்னை மக்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள் என்பதைப் போதிய அளவு பேசவில்லை. என் கணக்கில் அதுவே பெரிது.

காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மையாரை எண்ணிப் பாருங்கள். சுகர் உள்ளவர். வழக்கமாகக் கிளினிக்கின் படியை ஒரே மூச்சில் ஏறி, டோக்கன் தரும் பெண்ணிடம் நாலு வார்த்தை சண்டையும் போட்டுவிட்டு உட்காருபவர், இன்று வாய் திறக்காமல் வந்து, “ஒண்ணுமில்ல டாக்டர், அசதியா இருக்கு, ஒரு ஊசி போட்டு அனுப்புங்க” என்கிறார். நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலியே இல்லாமல், வெறும் அசதியாகவும் வியர்வையாகவும் மூச்சு வாங்கலாகவும் வருவதுண்டு. இதை எல்லா மருத்துவர்களும் படித்திருக்கிறார்கள். ஆனால் அந்த அம்மையார் இன்று சண்டை போடவில்லை என்பது பழகிய மருத்துவருக்கு மட்டுமே தெரியும். அவர்தான் ஊசியைத் தள்ளிவைத்து, முதலில் இசிஜி எடுக்கச் சொல்வார்.

நார்வே நாட்டில் 2001 முதல் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட மருத்துவரிடம் பதிந்துகொள்ளும் முறை உண்டு. அங்கே சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஒரே மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்கள் அவசரமாக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பும் இறக்கும் வாய்ப்பும், ஓராண்டு மட்டுமே பழகியவர்களைவிடக் கால் பங்கு அளவுக்குக் குறைவாக இருந்தன. பழக்கம் ஒன்றே காரணம் என்று அறுதியிட முடியாதுதான். ஆனாலும் ஒரு மாத்திரை இந்த அளவு பலன் காட்டியிருந்தால் அதை விளம்பரப்படுத்தாமல் விட்டிருப்பார்களா?

பழக்கத்துக்குக் குறையும் உண்டு. “இவருக்கு எப்போதும் இப்படித்தான்” என்று பழகிய கண் சிலவற்றைக் கடந்துபோகும். கேட்டவுடன் ஊசி போடுவதும், தேவையில்லாத ஆன்டிபயாடிக் எழுதித் தருவதும், நெடுநாள் வந்துபோகிறவர் முகம் கோணக்கூடாது என்பதற்காகவே நடக்கின்றன. மாறாக, அதே ஆண்டுக்கணக்கான பழக்கம் இருப்பதால்தான் “வேண்டாம்மா, இது தானாகச் சரியாகிவிடும்” என்று ஒரு மருத்துவரால் சொல்லவும் முடிகிறது. கேட்பவரும் வேறு கிளினிக்கைத் தேடி ஓடாமல் வீட்டுக்குப் போகிறார்.

இன்று மூட்டு வலிக்கு ஓரிடம், பிரஷருக்கு ஓரிடம், இரண்டுக்கும் நடுவே சீட்டில்லாமல் மருந்துக் கடையில் வாங்கும் வலி மாத்திரை என்று அலைகிறோம். அந்த வலி மாத்திரை ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும். மாதக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும். எல்லாச் சீட்டுகளையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்க்கும் ஒருவர் இல்லாததால், பிரஷர் மாத்திரையின் அளவு கூடிக்கொண்டே போகிறது.

பழைய கிளினிக்குகள் மூடப்படும்போது, அந்த மருத்துவரின் நினைவில் இருந்த நம் வரலாறும் சேர்ந்தே போய்விடுகிறது. ஆகவே ஓய்வு பெறப்போகும் மருத்துவர்களிடம் ஒரு விண்ணப்பம்: நெடுநாள் நோயாளிகளுக்கேனும் என்ன நோய், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, வீட்டில் யாருக்கு என்ன இருந்தது என்று அரைப் பக்கம் எழுதிக் கையில் கொடுங்கள். மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில், சுகருக்கும் பிரஷருக்கும் மாதந்தோறும் வருகிறவர்களை இயன்றவரை ஒரே மருத்துவர் பார்க்கும்படி முறை வைக்கலாம். நம் பங்குக்கு, சீட்டுகளையெல்லாம் தேதி வாரியாக ஒரே கோப்பில் சேர்த்து, எந்த மருத்துவரிடம் போனாலும் அதையும் எடுத்துக்கொண்டு போவோம்.