ஒரே வீச்சில் ஒரு வட்டம்
(நூலக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, ஆயிரம் அலுவல்களுக்கு இடையிலும் வந்து அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நாற்காலி கிடைக்காமல் நிற்கும் மாணவச் செல்வங்களே! அனைவருக்கும் வணக்கம். அம்மையாருக்கு மட்டும் இரண்டாவது வணக்கமும் உண்டு. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஜென் என்னும் பௌத்தப் பிரிவின் துறவிகள் போட்ட வட்டம், அது உருவம் எதையும் காட்டாத அரூப ஓவியத்துக்குள் புகுந்த வழி, வட்டத்தின் தத்துவம். ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்ற ஔவை வாக்கை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்று அடிக்கடி வரும்.

ஜப்பானிய ஜென் மடங்களில் தூரிகையை மையில் தோய்த்துப் போடும் வட்டத்துக்கு ‘என்சோ’ என்று பெயர். கை எடுக்காமல் ஒரே வீச்சு. பிறகு திருத்தக் கூடாது. மை வற்ற வற்றக் கோடு வெளிறி, தூரிகை மயிரின் தடம் தனித்தனியாகத் தெரியும். சிலர் வட்டத்தை மூடுவார்கள், சிலர் திறந்தே விடுவார்கள்.

ஹகாட்டாவில் ஷோஃபுகுஜி கோயிலின் தலைமைத் துறவியாக இருந்தவர் செங்காய் (1750–1837). அவரும் வட்டம் போட்டார். பக்கத்தில் என்ன எழுதினார் தெரியுமா? ‘இதைத் தின்றுவிட்டுத் தேநீர் குடி!’ ஞானம் கேட்டு வந்தவனுக்குப் பலகாரம்! பொறுப்பை விட்டு ஒதுங்கிக் குடிலில் இருந்தபோதும் ஊர் அவரை விடவில்லை. வியாபாரி வருவான், குடியானவன் வருவான், ஆளுக்கொரு காகிதத்தோடு. ‘சாமி, ஒரு படம்!’ கிழவருக்குக் கை ஓயவில்லை. பொறுக்கமாட்டாமல் ஒரு பாட்டு எழுதினார்: ‘என் குடில் என்ன கழிப்பறையா? வருகிறவரெல்லாம் காகிதம் வைத்துவிட்டுப் போகிறார்களே!’ (சிரிப்பு) அந்த ஊரில் அப்போதே அதற்குக் காகிதம்தான், ஐயா! எண்பது வயதைத் தாண்டிய பிறகு, ‘இனி வரைய மாட்டேன்’ என்று கல்லிலேயே வெட்டி வைத்தார். அதற்குப் பிறகும் வந்தார்கள்; அவரும் வரைந்து கொடுத்தார். அத்தனை காகிதம் தீர்த்த கை அது. சித்திரமும் கைப்பழக்கம்!

இரண்டாவது செய்தி. அமெரிக்க ஓவியர் மார்க் டோபி 1934-இல் கியோட்டோவில் ஒரு ஜென் மடத்தில் தங்கினார். தியானிக்க அவரிடம் கொடுத்தது மையால் போட்ட ஒரு வட்டம். அடுத்த ஆண்டிலேயே அவருடைய வெண்கோட்டு ஓவியங்கள் தொடங்கின. 1950-களில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய அறிஞர் டி. டி. சுசுகி ஜென் பற்றிப் பேசினார். இசைக்கலைஞர் ஜான் கேஜ் போய்க் கேட்டார். அதற்காக அமெரிக்க அரூப ஓவியம் முழுவதும் ஜென் போட்ட பிச்சை என்பது வெறும் மேடைப்பேச்சு. கறுப்புக் கோடுகளுக்குப் பெயர்பெற்ற ஃபிரான்ஸ் கிளைன், தமக்கும் கீழைநாட்டு எழுத்துக்கலைக்கும் தொடர்பில்லை என்றே மறுத்தார்.

ஜப்பானில் 1954-இல் ‘குட்டாய்’ என்ற கலைஞர் குழுவைத் தொடங்கிய ஓவியர் யோஷிஹாரா ஜிரோ, நிஷினோமியா கோயிலில் நந்தென்போ என்ற துறவியின் தூரிகை எழுத்தைக் கண்டு சொக்கிப்போனவர். 1960-களில் வட்டத்தைப் பிடித்த யோஷிஹாரா 1972-இல் இறக்கும்வரை விடவில்லை. அவர் வட்டங்கள் ஒரே வீச்சு போலத் தோன்றும். உண்மையில் ஓரங்களைப் பொறுமையாகத் திருத்தி வரைந்தவை. துறவிகள் கூடாது என்றதை அவர் செய்தார். எனக்கு அதில் குறை தெரியவில்லை. அதுவும் கைப்பழக்கம்தானே!

மூன்றாவது, தத்துவம். சூனியம் என்னும் வெறுமை, முழுமை என்று நூலகத்தில் புத்தகங்கள் இருக்கின்றன; எடுத்துப் படியுங்கள். எனக்கு இதைவிட அவசரமான வேலை இருக்கிறது.

நம் பிள்ளைகளுக்குக் கை பழகுவது எங்கே? கால அட்டவணையில் ‘ஓவியம்’ என்று இருக்கிறது. மணி அடித்ததும் கணக்கு ஆசிரியர் உள்ளே வருகிறார். தேர்வு நெருங்கினால் அந்தப் பெயரும் போய்விடுகிறது. தலைமையாசிரியர் ஐயா சிரிக்கிறார், அவருக்குத் தெரியும். கவராயம் இல்லாமல் ஒரு வட்டம் போடச் சொன்னால் பத்தாம் வகுப்புப் பிள்ளை கூசுகிறான்.

அம்மையார் அவர்களே, இரண்டாவது வணக்கம் இதற்குத்தான். நகராட்சிப் பள்ளிகளில் காலியாகக் கிடக்கும் ஓவிய ஆசிரியர் பணியிடங்களை நிரப்ப நீங்கள் குரல் கொடுக்க வேண்டும். மனு தயாராக இருக்கிறது. வாசல் மேசையில் பேனாவும் வைத்திருக்கிறோம். பெற்றோர்கள் கையெழுத்திடாமல் போகாதீர்கள். முதல் கையெழுத்தைத் தலைமையாசிரியர் ஐயா போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.