அந்தக் கிழங்குக்கு வேறு வீடு இல்லை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றவை, கிழங்கிலிருந்து முளைத்து வசந்தத்தில் பூக்கும் டாஃபோடில்களில், பழைய அடுக்கு ரகங்களா, புதிய ரகங்களா என்பது இன்றைய வழக்கு. பழையவையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் மூன்று குறைகளை அடுக்கினார். பூவுக்கு நிலையான வடிவம் இல்லை, சில ஆண்டுகளில் பச்சை பாய்கிறது, மொட்டு விரியாமலே கருகுகிறது என்றார். மூன்றும் உண்மைதான், நான் மறுக்கவில்லை.

ஆனால், ஐயா, பழைய அடுக்கு ரகமான 'வான் சயன்' பூ ஒன்றைக் கையில் எடுத்து மெல்லப் பிரித்துப் பாருங்கள். வெளியே ஆறு இதழ்கள். நடுக்குழலுக்குள் விரல்நுனி நுழைய இடமில்லாமல் மஞ்சள் மடிப்புகள் திணிந்து கிடக்கும். சில மடிப்புகளின் முதுகில் பச்சைக் கோடு ஓடும். மகரந்தத் தாள்களைத் தேடினால் கிடைக்காது. அவைதாம் இதழ்களாக மாறி அடுக்கு கட்டியிருக்கின்றன. ஒரு பூவில் குழல் முழுதாக நிற்கும். பக்கத்துப் பூவிலோ அது கிழிந்து சிதறியிருக்கும். எதிரணி குறை என்று சொன்ன இந்த வேறுபாட்டுக்காகவே நான் தினமும் காலையில் பாத்தியருகே குனிந்து நிற்கிறேன்.

மகரந்தம் இதழாகிவிட்டால் விதை எங்கிருந்து வரும்? இவை பெரும்பாலும் விதை கட்டுவதில்லை. தாய்க்கிழங்கின் பக்கத்தில் குட்டிக்கிழங்கு பிரிந்தால்தான் அடுத்த தலைமுறை. லண்டனில் வாழ்ந்த ஃபிளாண்டர்ஸ்காரர் வின்சென்ட் சயனின் தோட்டத்தில் 1620-இல் இந்த 'வான் சயன்' பூ மலர்ந்ததை, 1629-இல் அச்சான தம் நூலில் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜான் பார்க்கின்சன் பதிந்துவைத்தார். நானூறு ஆண்டுகளாக யாரோ ஒருவர் தோண்டி, பிரித்து, இன்னொருவர் கையில் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். உங்கள் பாத்தியில் முளைப்பது அந்தச் செடியின் பேரப்பிள்ளை அல்ல, அதே செடியின் துண்டு.

'தாஹிதி' போன்ற புதிய அடுக்கு ரகங்களும் கிழங்கில்தானே பெருகுகின்றன என்று எதிரணி கேட்கும். நியாயமான கேள்வி. ஆனால் பண்ணைகள் விற்பனையாகும் ரகத்தைத்தான் வயல் வயலாகப் பயிரிடும். விற்பனை குறைந்த பழைய ரகத்துக்கு வீட்டுத் தோட்டத்தை விட்டால் போக்கிடம் ஏது?

மொட்டுக் கருகலுக்கு வருகிறேன். கடைசியாகப் பூக்கும் வெள்ளை அடுக்கு, 'அல்பஸ் பிளீனஸ் ஓடோரேட்டஸ்', இதில் பெயர் பெற்றது. வசந்தத்தின் முடிவில் திடீர் வெயிலும் காய்ந்த மண்ணும் சேர்ந்தால் மொட்டு காகிதச் சருகாகிவிடும். அதனால் கிழங்கை இலையுதிர் காலத்திலேயே அதன் உயரத்தைப் போல் மூன்று மடங்கு ஆழத்தில் நடுங்கள். நீர் தேங்கக் கூடாது. மொட்டு வரும் நாள்களில் ஈரமும் குறையக் கூடாது. பிற்பகல் நிழல் கிடைத்தால் இன்னும் நல்லது. அப்படியும் சில ஆண்டுகள் ஏமாற்றும். ஏமாற்றாத ஆண்டில் அதன் வாசனைக்கு ஈடாக எந்தப் புதிய ரகத்தையும் என்னால் சொல்ல முடியவில்லை.

பூ உதிர்ந்ததும் இலையை அறுப்பவர்களையும் முடிச்சுப் போடுபவர்களையும் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கிறது. குறைந்தது ஆறு வாரம் அந்த இலைகளை விட்டுவையுங்கள். அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவைக் கிழங்குக்கு அனுப்புபவை அவையே. எலியும் மானும் பொதுவாக இந்தக் கிழங்கைத் தொடாது. அதிலுள்ள லைகோரின் என்ற நஞ்சு காவல் காக்கிறது. சாறு பட்டால் தோல் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இலை பழுத்துச் சாய்ந்ததும் கொத்தைத் தோண்டி, தானாகக் கழன்று வரும் குட்டிகளைப் பிரித்து, பாதியை அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். இந்தப் பூ நானூறு ஆண்டுகளைக் கடந்தது அந்த வழியில்தான், நடுவர் அவர்களே. தீர்ப்பை எங்கள் பக்கம் வழங்குமாறு வேண்டி அமர்கிறேன். வணக்கம்.