ஒரு பெயருக்குள் ஒளிந்திருந்த ஒன்பது சாலமாண்டர்கள்

[திரையில்: மேற்கு ஜப்பான். வயலோர வாய்க்கால். சருகுக்கு அடியில் ஏதோ நெளிகிறது.]

பல்லி என்று நினைத்துவிடாதீர்கள். செதில் கிடையாது, நகம் கிடையாது. தோல் எப்போதும் ஈரமாக இருக்கும். இது தவளைக்கு உறவு. வாலோடு சேர்த்து அளந்தாலும் பத்து சென்டிமீட்டர் அளவுதான்.

ஜப்பானியர் இதைக் 'கசுமி சன்ஷோஉவோ' என்கிறார்கள். 'கசுமி' என்றால் மென்பனி மூட்டம். 'சன்ஷோ' என்பது அவர்கள் சமையலில் சேர்க்கும் ஒருவகை மிளகு. 'உவோ' என்றால் மீன். மிளகும் இல்லை, மீனும் இல்லை. பெயர் மட்டும் மிளகு மீன்!

[திரையில்: நாகசாகித் துறைமுகத்தின் பழைய ஓவியம்.]

1820-களில் நாகசாகியில் இருந்த டச்சு வணிக நிலையத்தில் சீபோல்டு என்ற ஜெர்மானிய மருத்துவர் பணியாற்றினார். ஜப்பானிய உயிரினங்களைச் சேகரித்து நெதர்லாந்தின் லைடன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியவர் அவர். அந்தச் சேகரிப்பை ஆராய்ந்த டெம்மிங்க், ஷ்லேகல் இருவரும் 1838-இல் இந்தச் சாலமாண்டருக்கு 'நெபுலோசஸ்' என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் அதற்கும் மூட்டம் என்றே பொருள். இன்று இதன் பேரினம் ஹைனோபியஸ்.

[திரையில்: வரைபடம். கியூஷு தீவு முதல் ஹோன்ஷு தீவின் நடுப்பகுதி வரை ஒரே நிறம்.]

இவ்வளவு பரப்பிலும் இருப்பது ஒரே இனம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பார்த்தால் அப்படித்தான் தோன்றும்; எல்லாம் ஒரே பழுப்பு. ஆனால் 2019-இல் மட்சுயி மசாஃபுமியும் அவருடைய குழுவினரும் மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்டு, இது ஒன்றல்ல, ஒன்பது என்றார்கள். ஏழு இனங்களுக்குப் புதிதாகப் பெயர் சூட்டினார்கள். நாரா பகுதி விலங்குக்கு 1923-இல் டன் என்ற ஆய்வாளர் வைத்து, பிறகு ஓரங்கட்டப்பட்ட 'வான்டன்பர்கி' என்ற பெயரும் உயிர்பெற்றது.

பழைய பெயர் யாருக்கு? முதல் மாதிரி எந்த ஊரிலிருந்து வந்ததோ, அந்த ஊர்க்காரருக்கே. ஆகவே 'நெபுலோசஸ்' நாகசாகியோடு நின்றுகொண்டது. அதன் எல்லை இப்போது கியூஷுவின் மேற்கும் வடக்கும்தான்.

[திரையில்: அதே வரைபடம், ஒன்பது நிறங்களில்.]

புதிய பெயர்கள் சிலவற்றில் ஜப்பானின் பழைய மாகாணங்கள் எட்டிப் பார்க்கின்றன. 'அகி' இன்றைய ஹிரோஷிமா மாவட்டத்தின் மேற்குப் பகுதி, 'இவாமி' ஷிமானே மாவட்டத்தின் மேற்குப் பகுதி. எனக்குப் பிடித்தது 'பாகன்'. ஷிமோனோசெகி நகரத்தின் பழைய பெயர் அது. அந்த இனம் ஹோன்ஷுவின் யாமாகுச்சியிலும் இருக்கிறது, நீரிணைக்கு அப்பால் கியூஷுவின் ஒய்தாவிலும் இருக்கிறது. 'செதோஉச்சி' இனமும் அப்படித்தான். ஹோன்ஷுவுக்கும் ஷிகோகு தீவுக்கும் இடையே உள்ள உள்நாட்டுக் கடலின் இரு கரையிலும் வாழ்கிறது.

விரல் நீள விலங்கு கடலை நீந்திக் கடந்ததா? தேவையே இல்லை. பனியுகத்தில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. ஆழமில்லாத அந்த உள்நாட்டுக் கடல் அப்போது தரை. தண்ணீர் பிறகுதான் வந்தது.

[திரையில்: நீரில் கிடக்கும் குச்சியில் ஒட்டிய இரட்டை முட்டைப்பைகள்.]

பிரிந்த இனங்கள் பிரிந்தே இருப்பதற்கு இவற்றின் வாழ்க்கை முறையும் ஒரு காரணம். ஆண்டின் பெரும்பகுதி காட்டுச் சருகுக்குள் கிடக்கும். குளிர் முடியும் பருவத்தில் குட்டைக்கோ வயல் வாய்க்காலுக்கோ இறங்கும். பெண் முட்டைப்பைகளைக் குச்சியில் ஒட்ட, ஆண் நீரிலேயே அவற்றைக் கருவுறச் செய்யும். வெகுதூரம் அலையும் வழக்கமில்லை.

இங்குதான் கணக்கு மாறுகிறது. அரை ஜப்பானில் பரவிய ஒரே இனம் என்றால், ஒரு வாய்க்காலுக்குச் சிமென்ட் பூசினால் யாருக்கும் கவலையில்லை. வேறிடத்தில் ஏராளம் உண்டு. ஷிமானேயின் ஒரு மூலையில் மட்டும் வாழும் இவாமி இனத்துக்கு அந்த 'வேறிடம்' கிடையாது.