போட்டி அணிகள் ரோபோ வடிவமைப்பைப் பகிர்ந்துகொள்ளலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

களத்தில் மோதப்போகும் இரண்டு மாணவர் அணிகள் முன்கூட்டியே கூடிப் பேசி, ஒரே ரோபோவை வடிவமைத்து, ஆளுக்கொன்றாகச் செய்துகொண்டு வரலாமா? மாணவர்களுக்கு வழிகாட்டுகிற எங்களைப் போன்றவர்களிடையே இது பல காலமாக நடக்கும் வாக்குவாதம். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாக வரலாம். ஆனால் அந்த வரைபடம் அந்த இரண்டு அணிகளோடு நின்றுவிடக் கூடாது. கேட்கிற எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1992-ல் 28 அணிகளோடு அமெரிக்காவில் தொடங்கிய ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில், 2004-ம் ஆண்டு சான் ஹோசே நகரின் 254-ம் எண் அணியும், அரிசோனாவின் 60-ம் எண் அணியும் கூட்டாக ஒரே வடிவமைப்பில் ரோபோ செய்து வந்தன. பிறகு கனடாவின் நயாகரா பகுதியில் 1114, 1503, 1680 என்ற மூன்று அணிகள் ஒரே அச்சில் மூன்று ரோபோக்களை இறக்கின. பாராட்டியவர்களும் உண்டு, கொதித்துப்போனவர்களும் உண்டு.

கொதித்தவர்கள் சொன்னதை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். ஏற்கெனவே ஆள்பலமும் நல்ல பட்டறையும் உள்ள இரண்டு அணிகள் கைகோத்தால், தனியாக நிற்கும் சின்ன அணி என்ன செய்யும்? இந்தப் போட்டியில் மூன்று அணிகளின் ரோபோக்கள் ஒரு பக்கம், வேறு மூன்று அணிகளுடையவை எதிர்ப்பக்கம். இறுதிச் சுற்றுகளில் முன்னணி அணிகள் தங்கள் கூட்டாளிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்கின்றன. ஒரே ரோபோவைச் செய்தவர்கள் ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு மனக்குறை வரத்தான் செய்யும். இரண்டு பேருக்குள் முடிந்துபோகும் கூட்டு எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான்.

அதே மூன்றுக்கு மூன்று முறைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. தகுதிச் சுற்றில் யாரோடு சேர்ந்து ஆடுவது என்பதை அட்டவணைதான் முடிவு செய்கிறது. காலையில் நம்மை எதிர்த்த அணி மாலையில் நம் பக்கம் நிற்கும். அதன் சக்கரம் கழன்றால் நமக்கும்தான் நஷ்டம்.

சரி, மாணவர்கள் கற்றுக்கொள்வது குறைந்துவிடாதா? இதுதான் கனமான கேள்வி. ஓர் உதாரணத்தை அருகில் போய்ப் பார்ப்போம். பந்தை எறியும் ரோபோவில், சுழலும் சக்கரத்துக்கும் வளைந்த தகட்டுக்கும் நடுவே பந்து நுழைந்து வெளியேறும். அந்த இடைவெளி பந்தின் விட்டத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். பந்து நசுங்கினால்தான் சக்கரத்துக்குப் பிடி கிடைக்கும். நசுங்குவது போதாவிட்டால் பந்து வழுக்கும். அதிகமானால் சக்கரத்தின் வேகம் சட்டென்று இறங்கி, அது மீண்டும் வேகம் பிடிப்பதற்குள் வரும் அடுத்த பந்து பாதியிலேயே விழும். புதுப் பந்துக்கு ஒத்துவந்த இடைவெளி, அடிபட்டுத் தளர்ந்த பந்துக்கு ஒத்துவராமல் போகலாம்.

வரைபடத்தில் இந்த இடைவெளிக்கு ஓர் எண் மட்டும்தான் இருக்கும். பல இடைவெளிகளை வைத்துப் பார்த்து, எறிந்த தூரத்தைக் குறித்து, பந்துகளை மாற்றி மாற்றிச் சோதித்து எடுத்த எண் அது. எண்ணை மட்டும் வாங்கிக்கொண்ட மாணவர், போட்டி அன்று பந்து தூரம் போதாமல் விழுந்தால் எதைத் திருகுவது என்று தெரியாமல் நிற்பார். சோதனைக் குறிப்பையும் சேர்த்து வாங்கியவர், தகட்டைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவார். அதனால் பகிர்கிறவர்கள் சரிவராமல் போன முயற்சிகளையும் சேர்த்தே பகிர வேண்டும். என்னைக் கேட்டால், முடிந்த வரைபடத்தைவிட அந்தக் குறிப்புகளுக்குத்தான் மதிப்பு அதிகம்.

எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் வெற்றி கைநழுவும் என்று பயப்படுகிறவர்கள், ரோபோக்களே ஆடும் ரோபோகப் கால்பந்துப் போட்டியைப் பார்க்கலாம். அதன் ஒரு பிரிவில் பல ஆண்டுகள் எல்லா அணிகளும் நாவோ என்ற ஒரே வகை ரோபோவை வைத்தே ஆடின. வித்தியாசம் முழுக்க ரோபோவை இயக்கும் கணினி நிரலில்தான். ஜெர்மனியின் பிரெமன் பல்கலைக்கழக மாணவர்கள் அங்கம் வகிக்கும் பி-ஹியூமன் அணி, போட்டி முடிந்ததும் தன் நிரலை வெளியிடுவதை வழக்கமாக வைத்திருந்தது. மற்ற அணிகள் அதை எடுத்துப் படித்தன, அதன்மேல் கட்டின. அப்படியும் அந்த அணி பலமுறை பட்டம் வென்றது. நிரலை எழுதப் பழகிய கை அவர்களிடமே இருந்ததே.

ஃபர்ஸ்ட் போட்டியின் விதிகளும் ஓரளவு இந்தப் பக்கம்தான் சாய்கின்றன. அங்கே ஒவ்வோர் ஆண்டும் ஒரு புது ஆட்டத்தை அறிவிப்பார்கள். அதற்கு முன்பே செய்துவைத்த வடிவமைப்பையோ நிரலையோ பயன்படுத்த வேண்டுமானால், அறிவிப்புக்கு முன்பே அதைப் பொதுவில் வெளியிட்டிருக்க வேண்டும். டெக்சாஸின் 118-ம் எண் அணி, எளிய கருவிகளைக் கொண்டே செய்யக்கூடிய எவ்ரிபாட் என்ற வடிவமைப்பைச் சின்ன அணிகளுக்காகவே வெளியிட்டு வருகிறது. ஓப்பன் அலையன்ஸ் என்ற பெயரில் இணைந்த அணிகள், போட்டிக் காலம் நடந்துகொண்டிருக்கும்போதே தங்கள் வேலையை வெளிப்படையாகக் காட்டுகின்றன.

ஆகவே கூட்டாக வடிவமைக்க நினைக்கும் அணிகளிடம் நான் கேட்பது இரண்டுதான். பேசத் தொடங்கும் முதல் வாரத்திலேயே அதை அறிவித்து, கோப்புகளை எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். அப்புறம், மேசையில் மூன்றாவதாக ஒரு நாற்காலி போட்டு, முதல்முறை போட்டிக்கு வரும் ஓர் அணியை உட்கார வையுங்கள். "இந்த இடைவெளி ஏன் இவ்வளவு?" என்று அவர்கள் கேட்கும்போது, பதிலை வழிகாட்டிகள் சொல்லாமல் மாணவர்களே சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.